எங்கள் வீட்டுக் கதவும் சாம்பிள் சாரும்

சித்தூர் ஜில்லாவில் நடந்த தான தருமம் அத்தனையையும் ஒரே ஆளாக அனுபவித்துத் தீர்த்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் சாம்பிள் சாரைத்தான் சொல்ல வேண்டும். அநாதைக் குழந்தைகளுக்கு ஊற்றிய பாலை அவர் குடித்திருக்கிறார். கண் மங்கிய கிழவர்களுக்குக் கொடுத்த மூக்குக் கண்ணாடியை அவர் போட்டிருக்கிறார். பி.ஏ. பாஸ் செய்த மனிதர், ஊர் ஊராகப் போய் இராத்திரிப் பள்ளிக்கூடங்களில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிலேட்டில் அனா ஆவன்னா எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து தப்பியது பிரசவ விடுதி ஒன்றுதான். அதுவும் அவர் முயற்சி செய்யாததால் அல்ல, நர்ஸம்மா வாசலிலேயே மறித்ததால்தான் என்று சித்தூர் பஜாரில் ஒரு பேச்சு உண்டு.

ஓசியில் கிடைக்கிறதே என்ற ஆசையில்லை. அவருடைய உத்தியோகமே அதுதான். சித்தூர் வெல்ல மண்டியில் கொழித்த வியாபாரி ஒருவர், கடைசிக் காலத்தில் சொத்தில் ஒரு பெரும் பங்கைத் தருமத்துக்கு எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜில்லாவுக்குள் சொந்த முயற்சியில் நல்ல காரியம் செய்கிற சின்னச் சின்ன சங்கங்களுக்கு வருஷா வருஷம் கிராண்டு கொடுக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அந்தத் தரும ஸ்தாபனத்துக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. ஊர் அதைச் சுருக்கி 'வெல்ல டிரஸ்ட்' ஆக்கிவிட்டது. கிராண்டு கேட்கும் சங்கம் நிஜமாகவே வேலை செய்கிறதா, இல்லை போர்டு மட்டும்தான் மாட்டியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல அவர்கள் வைத்திருந்த ஆள்தான் நம்முடைய சார்.

இப்படிப் பார்க்க வருகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். நாற்காலி போட வேண்டும், மாலை போட வேண்டும், காபி ஆறாமல் வர வேண்டும். சாம்பிள் சாருக்கு இது ஒன்றும் வேண்டாம். கழுத்து வரை பித்தான் போட்ட காக்கிக் கோட்டு, கையில் குடை, தோளில் ஒரு துணிப்பை. வந்ததும் வராததுமாக, "எனக்கு ஒரு சாம்பிள் காட்டுங்க" என்பார். சங்கம் யாருக்கு என்ன செய்கிறதோ, அதை அவருக்குச் செய்து காட்ட வேண்டும். எட்ட நின்று பார்த்து எழுதுவது பாவம் என்பது அவர் கட்சி. "பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். மேல பட்டாதான் தெரியும்" என்பார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

திருப்பதியில் ஒரு சங்கம். மலைக்கு வருகிற கூட்டத்தில் காணாமல் போனவர்களைக் கண்டுபிடித்துச் சொந்தக்காரர்களிடம் சேர்ப்பது அவர்கள் வேலை. அங்கே சாம்பிள் எப்படிப் பார்ப்பது? சார் யோசிக்கவேயில்லை. கோட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு, தானே காணாமல் போய்விட்டார். தொண்டர்கள் பிடித்து வந்து கொட்டகையில் உட்கார வைத்து, தமிழிலும் தெலுங்கிலும் ஊர் பேர் கேட்டார்கள். இவர் மலங்க மலங்க விழித்தார். ஒலிபெருக்கியில் அடையாளம் சொன்னார்கள். சொல்லி முடிப்பதற்குள் கார்வேட்டிநகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஓடி வந்து, பல வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டு ஓடிப்போன எங்கள் மாப்பிள்ளை இவர்தான் என்று கட்டிக்கொண்டு அழுதது. மாமனார் கையை விடவில்லை. சங்கத்துக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தே விட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரை போய்த்தான் சார் ஒரு வழியாகத் தப்பி வந்தார். 'இந்தச் சங்கம் நன்றாக வேலை செய்கிறது. தேவைக்கு மேலேயே செய்கிறது' என்று எழுதிக் கிராண்டு வாங்கிக் கொடுத்தார்.

சித்தூரில் மிஷன் கோயிலைச் சேர்ந்த ஒரு டீச்சரம்மா, ஏழைப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். சார் அங்கே போய் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுங்கள் என்றார். பெண்கள் அப்போதுதான் ரவிக்கை தைக்கக் கற்று முடித்திருந்தார்கள். டீச்சரம்மா தயங்கியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. கழுத்து இறங்கி, கை புஸ்ஸென்று உப்பிய ஒரு சட்டை தயாரானது. அதைப் போட்டுக்கொண்டு அவர் நேரே டிரஸ்ட் கூட்டத்துக்குப் போய், பெண்கள் ரவிக்கைப் பாடம் முடித்துவிட்டார்கள், சட்டைப் பாடத்துக்கு இன்னொரு மெஷின் தேவை என்று எழுந்து நின்று சொன்னார். சான்று உடம்பிலேயே இருந்ததால் யாராலும் மறுக்க முடியவில்லை.

புத்தூரில் ஒரு தேகப்பயிற்சி சங்கம். அங்கே குஸ்தி. அதிகம் சொல்வானேன், ஒரே பிடியில் சாரைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பேர் போன ஊரிலேயே குஸ்திச் சங்கம் வைத்த முன்யோசனையைப் பாராட்டி எழுதினார். இடது கையால் எழுதினாராம்.

இப்படிப்பட்டவர் எங்கள் சங்கத்துக்கு எதற்காக வந்தார் என்பதைச் சொல்ல, எங்கள் சங்கம் என்ன சங்கம் என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் அப்போது குடிபாலாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாத்தியார், தெலுங்குக்காரர்களுக்குப் பந்துலுகாரு. சித்தூரிலிருந்து வேலூர் போகிற ரோடு ஊரை ஒட்டிப் போகும். திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள், பிச்சைக்காரர்கள், வேலை தேடிப் போகிறவர்கள் என்று நாலு திசை ஜனமும் அந்த ரோட்டில்தான். அவர்களில் சிலர் எங்கள் ஊர் எல்லையில் விழுந்து செத்துப் போவார்கள். யாரென்று தெரியாது, கேட்க நாதி இருக்காது. அப்படிப்பட்டவர்களை எடுத்துப் போட ஊரில் கோவிந்தன் என்று ஒரு விவசாயி முன்கை எடுத்தான். ஆள் நெடுநெடுவென்று இருப்பான். அவன் கேட்டு, அவனைப் போலவே உயரமான இன்னும் சில குடியானவர்கள் சேர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். கடைசி உதவிச் சங்கம் என்று பெயர் வைத்தது நான்தான்.

எல்லாம் சரி, பாடை இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் மூங்கில் வெட்டிக் கட்டுவார்கள், சொந்தக்காரன் செலவு செய்வான். அநாதைப் பிணத்துக்கு அவசரத்தில் மூங்கிலுக்கு எங்கே போவது? ஒரு மழை நாளில் ஒரு கிழவர் செத்துக் கிடந்தபோது, கோவிந்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். காரியதரிசி வீடுதான் பக்கத்தில் இருந்தது. என் வீட்டு வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். நல்ல வேம்பு. நாலு பேர் தூக்க வாகாக இருந்தது.

திரும்பக் கொண்டு வந்து சாத்தியபோது என் மனைவி தெருவிலேயே நிறுத்திவிட்டாள். பிணம் சுமந்த கதவு என் வீட்டு நிலையில் ஏறாது என்று ஒரே பேச்சு. அன்றிலிருந்து கதவு சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. என் வீட்டு வாசலில் கோணி தொங்கியது. நாயும் ஆடும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு காளை மாடு உள்ளே வந்து என் மனைவியின் சமையலைப் பார்த்துவிட்டுப் போயிற்று. புதுக் கதவு போடலாம் என்றால், "போடுங்க, அதையும் வந்து தூக்கினு போவாங்க. சங்கத்துக்கு ஒரு பாடை வரட்டும், அப்பால இந்த வீட்டுக்குக் கதவு வரட்டும்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ரோட்டில் யாராவது மயங்கி விழுந்தாலே ஊரில் அவனவன் தன் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காலமாக இருந்தது அது.

ஆகவே வெல்ல டிரஸ்டுக்கு எழுதிப் போட்டேன். மரமும் இரும்பும் சேர்த்துச் செய்த உறுதியான பாடை ஒன்று, அதை வைக்க ஒரு கொட்டகை. அவ்வளவுதான் கேட்டிருந்தேன்.

அங்கேதான் எல்லைத் தகராறு வந்து குறுக்கே நின்றது. ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது, எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது முடிவாகவில்லை. ஒரு நாள் சித்தூரே மதராஸ் பக்கம் வருகிறது என்பார்கள். மறுநாள் வேலூருக்கு இந்தப் பக்கம் எல்லாம் ஆந்திரா என்பார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் காலையில் ஒரு ராஜ்யத்தில் டீ குடித்துவிட்டு மாலையில் வேறு ராஜ்யத்தில் காசு கொடுத்தவர்கள் உண்டு. பெரியவருக்குப் பிறகு டிரஸ்டை நடத்திய அவர் மகன், எல்லாரும் பாபு என்று கூப்பிடுகிறவர், கெட்டிக்காரர். ஜில்லாவுக்குள்ளே என்றுதான் அப்பா எழுதி வைத்திருக்கிறார், ஜில்லா எது வரைக்கும் என்றே தெரியாதபோது ஓரத்து ஊர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும், கோடு போட்டு முடியட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டார்.

இந்தச் செய்தியைச் சொல்லத்தான் சாம்பிள் சார் ஒரு நாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். குடையை ஊன்றிக்கொண்டு நின்று ஒளிக்காமல் சொன்னார். வந்து பார்த்ததாக எழுதிவிட்டு வா, கிராண்டு கோடு போட்ட பிறகுதான் என்று பாபு உத்தரவாம். என் மனைவி கோணிக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே பாத்திரம் ஒன்று சத்தத்தோடு வைக்கப்பட்டது.

"சரி, அது அவுரு சொல்றது. நான் வந்தது சாம்பிள் பாக்க" என்றார் சார். "ஆள் ரோட்ல உழுந்தா இன்னா செய்வீங்க?"

கோவிந்தன் என்னைப் பார்த்தான். நான் கோவிந்தனைப் பார்த்தேன். எங்கள் சங்கத்தில் சாம்பிள் பார்ப்பதென்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அதற்குள் சார் கோட்டை மடித்து வைத்துவிட்டு ரோட்டோரப் புளிய மரத்தடியில் போய் மல்லாந்து படுத்துவிட்டார்.

"நான் செத்துட்டேன். எந்த ஊரு, இன்னா சாதி, இன்னா பேரு, ஒண்ணும் உங்களுக்குத் தெரியாது. ஆரம்பிங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

உயிரோடு இருப்பவரைப் பாடையில் ஏற்றுவது அபசகுனம் என்று நான் மன்றாடினேன். செத்தவர் பதில் சொல்லவில்லை. கோவிந்தனுக்கோ காரியம் என்று வந்தால் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கதவைக் கொண்டு வந்து போட்டு, வேட்டி போர்த்தி, சாரைத் தூக்கிக் கிடத்தினான். மேளக்காரர்களுக்கும் ஆள் போயிற்று. சாரின் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது.

"நாதாங்கி முதுகுல குத்துது" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"இதுவரிக்கும் போன யாரும் இத சொன்னதில்ல சார்" என்று கோவிந்தன் உண்மையான வருத்தத்தோடு சொன்னான்.

ஊர்வலம் கிளம்பியது. மேளச் சத்தம் கேட்டு ஊர் வெளியே வந்தது. பாதிப் பேருக்கு விஷயம் தெரியாது. பெண்கள் வழக்கப்படி தண்ணீர் கொட்டினார்கள். சிலர் தொட்டுக் கும்பிட்டார்கள். என் கதவு அசைந்து அசைந்து போவதைப் பார்த்து நானும் கும்பிட்டேன். யாருக்காக என்று இப்போது நினைத்தால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ரோட்டைக் கடக்கிற இடத்தில் வேலூரிலிருந்து வந்த பஸ் மரியாதையாக நின்றது. அதுதான் வினை. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது தன் பஸ்ஸில் ஏறுகிற மனிதர் கதவின் மேல் கிடப்பதைப் பார்த்தார். நான் கையை ஆட்டி விவரம் சொல்வதற்குள், அவர் தொப்பியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசில் ஊதிவிட்டார். பஸ் சித்தூரை நோக்கிப் பறந்தது.

எங்கள் பக்கத்தில் தமிழரும் தெலுங்கரும் ஒன்று போலக் கடைப்பிடிக்கிற ஒரு வழக்கம் உண்டு. சுடுகாட்டுக்குப் போகிற பாதி வழியில் ஒரு மேடை இருக்கும். திம்புடு களம் என்பார்கள், இறக்கி வைக்கிற இடம். அங்கே பாடையை இறக்கி, நெருங்கின சொந்தக்காரர் ஒருவர் குனிந்து, செத்தவர் காதில் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒருவேளை உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் எழுந்து விடட்டுமே என்று கடைசியாகக் கொடுக்கிற அவகாசம் அது. கூப்பிட்டு யாரும் எழுந்ததாக எங்கள் ஊர் சரித்திரத்தில் இல்லை. தோள் கொடுத்தவர்கள் அந்த மேடைக்கு முன்னால் எங்கேயும் இறக்கவும் மாட்டார்கள்.

மேடையில் கதவை இறக்கினார்கள். மேளம் நின்றது. போதும் சார், எழுந்திருங்கள் என்றேன் நான். அவர் அசையவில்லை. கோவிந்தன் என்னைத் தடுத்தான். கூப்பிடாமல் எழுந்தால் ஊருக்கு ஆகாது என்றான். சரி, கூப்பிடு என்றேன். அப்போதுதான் எங்களுக்குப் பெயர் தெரியாது என்பது நினைவு வந்தது. சாம்பிள் சார் என்று ஒரு மனிதனைக் கடைசியாகக் கூப்பிட முடியுமா? பெயர் என்ன என்று அவரையே கேட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. பெயர் தெரியாத பிணம் என்று அவரே சொல்லிவிட்டாரே, அதில் கறாராக இருந்தார்.

கோவிந்தன் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. அவனுக்கு இது புதிதில்லை. தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முழங்காலிட்டு, சாரின் காதருகே வாயை வைத்தான்.

"நைனா" என்று கூப்பிட்டான். கொஞ்சம் நிறுத்தி, "நைனா" என்றான். மூன்றாவது தடவை இன்னும் மெதுவாக, தூங்குகிற அப்பாவைச் சாப்பிட எழுப்புகிற மாதிரி, "நைனா" என்றான்.

நான் சங்கத்தின் காரியதரிசி. ஆனால் இந்த இடத்தில் நான் எப்போதும் எட்ட நிற்பவன். இவர்கள் குனிந்து என்ன சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

சாம்பிள் சாரின் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குப் போயிற்று. மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாரையும் இப்டித்தான் கூப்புடுவியா?"

"ஆமா சார். பேரு தெரியலன்னா ஆம்பளைய நைனாம்போம், பொம்பளைய அம்மாம்போம். கடைசில ஒருத்தரு கூப்புடாம போவக் கூடாது இல்ல?"

சார் மூக்கைச் சிந்திவிட்டு, நாதாங்கியைத் தவிர ஒரு குறையும் இல்லை என்றார்.

அடுத்ததாக ஒரு சிக்கல். சுடுகாட்டு வழி போனவர்கள் தலை முழுகாமல் ஊருக்குள் வரக் கூடாது. தூக்கினவர்கள் முழுகுவார்கள், சரி. தூக்கப்பட்டவர் திரும்பி வந்தால் முழுக வேண்டுமா, வேண்டாமா? கோவிந்தன் வெகு நேரம் யோசித்தான். முன்னால் நடந்திருந்தால்தானே சொல்ல முடியும். எதற்கும் இருக்கட்டும் என்று சாரையும் கிணற்றடியில் உட்கார வைத்துக் குடம் குடமாக ஊற்றினார்கள். என் வேட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். என் மனைவி கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் போட்டாள். கிராண்டு இல்லை என்று சொல்ல வந்தவர் என்ற கோபம் அவளுக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை. செத்துப் பிழைத்தவர், இன்னும் கொஞ்சம் துன்னட்டும் என்று அள்ளி அள்ளி வைத்தாள்.

அவர் இரண்டாவது உருண்டையைத் தொட்டபோது ரோட்டில் லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கூடவே அழுகைச் சத்தம்.

வெளியே போய்ப் பார்த்தேன். மண்டி லாரி நிறைய ஜனம். தையல் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு டீச்சரம்மாவும். இராத்திரிப் பள்ளிக்கூடத்துப் பெரியவர்கள். குழந்தைகளுக்குப் பால் ஊற்றுகிற அம்மாள். சாம்பிள் சார் கண்ணாடி வாங்கிக் கொடுத்த கிழவர்கள் அதைப் போட்டுக்கொண்டே அழுதார்கள். லாரிக்குப் பின்னால் ஒரு கார். அதிலிருந்து ரோஜாப்பூ மாலையோடு பாபு இறங்கினார். முகம் வாடியிருந்தது.

கையை வீட்டுப் பக்கம் காட்டினேன். பாபு செருப்பைக் கழற்றிவிட்டு, கோணியை விலக்கிக்கொண்டு, குனிந்து உள்ளே போனார். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். சாம்பிள் சார் வாய் நிறையக் களியோடு நிமிர்ந்து பார்த்தார்.

யாரோ ஒரு பெண் வீலென்று கத்தினாள். பாபு மாலையைக் கீழே போட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் அத்தனை பேரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே திட்டினார்கள். டீச்சரம்மா கையிலிருந்த புது வெள்ளைத் துணியை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் லாரியிலேயே உட்கார்ந்து பெண்கள் அதற்கு நாலு ஓரமும் அடித்திருந்தார்கள். இந்த மனுஷனுக்குக் கடைசியாக ஒன்றாவது ஒழுங்காகத் தைத்துக் கொடுக்கலாம் என்று வந்தோம் என்றார், அழுகையும் சிரிப்புமாக. சார் துணியை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்து, தையல் நேராக இருக்கிறது என்று பாராட்டினார்.

பாபுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஏமய்யா, மண்டிய மூடிட்டு ஓடி வந்தேன். வெல்லமெல்லாம் வண்டியிலயே உருகிகினு நிக்குது. நீ இங்க களி துன்னுகினு இருக்கியா?"

"ரிப்போர்ட்டு சொல்லட்டுங்களா பாபு?" என்றார் சார்.

"இன்னா ரிப்போர்ட்டு? கோடு போடற வரிக்கும் இந்த ஊருக்குக் கெடையாதுன்னு சொல்லித்தான அனுப்பினேன்?" பாபு உட்காரப் போனவர், வாசலைத் திரும்பிப் பார்த்தார். "இது இன்னா, வீட்டுக்குக் கதவே இல்ல?"

"அந்தக் கதவு மேலதான் பாபு நான் போய்ட்டு வந்தேன்."

கதவின் கதையை நான் சொன்னேன். மழை நாள் கிழவரையும் கோணியையும் காளை மாட்டையும் சொன்னேன். பெண்கள் என் மனைவியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். பாபு மசியவில்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நாளைக்கே இந்த ஊர் மதராஸ் பக்கம் போய்விட்டால் அப்பா எழுதி வைத்ததை மீறினவன் ஆவேன் என்றார். அவர் பயம் பொய்யில்லை. அப்பாவின் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற பயம்தான் அது.

சார் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"படுத்துப் பாத்தேன் பாபு. அங்கேர்ந்து பாத்தா ஆகாசமும் கோவிந்தன் மோவாக்கட்டையும்தான் தெரியுது. கோடு ஒண்ணும் தெரியல. கோடு போட வர ஆபீசருங்களும் இந்த ரோட்லதான் வரணும். அதுல ஒருத்தரு வழியில போய்ட்டாரு வெச்சிக்கோங்க, அவருக்கும் இந்தக் கதவுதான், இந்த நாதாங்கிதான்."

பாபுவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. சார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல. உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு ஒருத்தன் என் காதுல நைனான்னு கூப்ட்டான் பாபு. மூணு தபா. உங்க நைனா குடுத்த தர்மத்துல எவ்வளவோ துன்னுட்டேன், போட்டுட்டேன். இத மாதிரி ஒண்ணு நான் பாக்கல. இவுங்களுக்குக் குடுக்கலன்னா, வேற யாருக்கும் குடுங்கன்னு நாளைலேர்ந்து நான் எழுத மாட்டேன்."

கோணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பாபு கீழே கிடந்த மாலையை எடுத்தார். அதை என்ன செய்வதென்று ஒரு கணம் பார்த்துவிட்டு, எழுந்து போய், தெருச் சுவரில் சாத்தி வைத்திருந்த என் கதவுக்குப் போட்டார். திரும்பி வந்து, "களி மிச்சம் இருக்குதாம்மா?" என்று என் மனைவியைக் கேட்டார். கிராண்டு கிடைத்துவிட்டது என்று அவளுக்குத்தான் முதலில் புரிந்தது.

அந்த மாசமே பாடை வந்தது. தேக்கும் இரும்பும், படுத்தால் எங்கேயும் குத்தாது. சார் ஒவ்வொரு ஆணியாகத் தடவிப் பார்த்துத்தான் வாங்கி வந்தார். நம் ஊரில் உபயம் என்று எழுதாமல் ஒரு தருமம் உண்டா? ஒரு பக்கம் தமிழிலும் மறு பக்கம் தெலுங்கிலும் எழுதியிருந்தது. கோடு எங்கே விழுந்தாலும் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம் என்று சார் விளக்கம் சொன்னார். டிரஸ்டுக்கு அவர் அனுப்பின ரிப்போர்ட்டில், பாடை, கொட்டகை இவற்றுக்குக் கீழே, காரியதரிசி வீட்டுக்கு ஒரு கதவு என்றும் சேர்த்திருந்தார். பாபு அதையும் அடிக்கவில்லை. கடைசியில் கோடு போட்டபோது நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தோம். அதற்குள் அந்தப் பாடையில் இரண்டு ராஜ்யத்துக்காரர்களும் போய்விட்டிருந்தார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் அவர் சாம்பிள் சார் இல்லை. ஒரு நாள் மறுபடியும் பஸ்ஸை விட்டு இறங்கினார். அன்று நாங்கள் பேர் தெரியாத ஒரு அம்மாளை எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம். குடையை என்னிடம் கொடுத்தார்.

"படுத்துப் பாத்துட்டேன் பந்துலுகாரு. தோள் குடுத்துப் பாக்கலியே" என்றார்.

அவர் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு என்பதை இதுவரை நான் சொல்லவில்லை. அதுவரை அது யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. எங்கள் ஆட்கள் எல்லாரும் கோவிந்தனைப் போல நெட்டையர்கள். நானும் உயரம்தான். அவர் ஒரு மூலையில் தோள் கொடுத்ததும் பாடை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. அம்மாள் நழுவிவிடுவாள் போலிருந்தது. விலகிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் யார் சொல்வது? கோவிந்தன் ஒரு வார்த்தை பேசாமல் முழங்காலை மடக்கிக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னொருவன் மடக்கினான். அன்று எனக்கும் ஒரு மூலை. நானும் மடக்கினேன். பாடை நேராயிற்று.

அதன் பிறகு ரொம்ப வருஷம் அவர் எங்கள் சங்கத்தில் ஆளாக இருந்தார். சேதி போனால் சித்தூரிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவார். சுடுகாடு வரை நாங்கள் முழங்காலை மடக்கியபடியே நடப்போம். பாடை எப்படி நேராக நிற்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சாம்பிள் பார்த்தவர், இதை மட்டும் கவனிக்கவேயில்லை. தோள் கொடுப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், சுலபமாகத்தான் இருக்கிறது என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்வார்.

இப்போது எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் விண்விண்ணென்று வலிக்கிறது. டாக்டர் வயசு என்கிறார். எனக்கென்னவோ அது சாம்பிள் சார் என்றுதான் தோன்றுகிறது. தைலம் தடவ மனசு வருவதில்லை.